எக்செல்லில் இருந்து அக்சஸுக்கு வரும் பொருள் குறியீட்டில் தரவு வகைப் பிழை: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தின் கையிருப்புக் கணக்கு அக்சஸ் தரவுத்தளத்தில் இயங்குகிறது. விற்பனைப் பிரிவு அனுப்பும் எக்செல் கோப்பை அதனுடன் லிங்க் செய்து, பொருள் குறியீட்டைக் கொண்டு இரு அட்டவணைகளையும் இணைக்கும் குவெரியை (தரவைத் தேடித் தொகுக்கும் கட்டளையை) ஓட்டினால், "டைப் மிஸ்மேட்ச் இன் எக்ஸ்பிரஷன்" (தரவு வகை பொருந்தவில்லை) என்ற பிழைச் செய்தியோடு அது நின்றுவிடுகிறது.

காரணம் ஓரளவு பிடிபட்டிருக்கிறது. எக்செல் கோப்பைப் படிக்கும் டிரைவர், இயல்பாக முதல் 8 வரிசைகளைப் பார்த்தே ஒரு நெடுவரிசை எண்ணா எழுத்தா என்று தீர்மானிக்கிறது. எங்கள் கோப்பின் தொடக்கத்தில் 4512 போன்ற வெறும் எண்களே இருப்பதால் நெடுவரிசை முழுவதும் எண்ணாகிவிடுகிறது. கீழே வரும் 4512-ஏ போன்ற குறியீடுகளின் இடத்தில் பிழைக்குறிதான் நிற்கிறது. நெடுவரிசையின் ஃபார்மேட்டை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும், முன்பே உள்ளிட்ட எண்கள் எண்களாகவே இருக்கின்றன.

சிஎஸ்டிஆர் சார்பைப் பயன்படுத்தி எண்களை எழுத்தாக்கினால் பிழைச் செய்தி மறைகிறது. ஆனால் தரவுத்தளத்தில் 004512 என்று இருப்பதும் எக்செல்லில் இருந்து 4512 என்று வருவதும் பொருந்தாததால், அந்த வரிசைகள் எந்த எச்சரிக்கையும் இன்றி முடிவிலிருந்து விடுபடுகின்றன. பிழைச் செய்தியைவிட இதுவே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. கையிருப்பு தவறாகக் காட்டப்பட்டாலும் யாருக்கும் தெரியாது.

விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில், டிரைவர் எத்தனை வரிசைகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் டைப்கெஸ்ரோஸ் மதிப்பை மாற்றும் அனுமதி எங்களுக்கு இல்லை. கோப்பை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் உரைக் கோப்பு) ஆக்கி, நெடுவரிசைகளின் வகையைக் குறிப்பிடும் ஸ்கீமா.ஐஎன்ஐ கோப்பு மூலம் எல்லா நெடுவரிசைகளையும் எழுத்து வகையாகவே ஓர் இடைநிலை அட்டவணைக்குள் கொண்டுவருவது நம்பகமானதா? அப்படிச் செய்பவர்கள், முன்னால் வரும் பூஜ்யங்களை எந்தக் கட்டத்தில் சரிசெய்கிறீர்கள் என்பதையும் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.