காப்பி பூத்த இரவில் ஏற்காட்டுக் கல்லறைத் தோட்டம்

அஸ்தம்பட்டி அன்பன்:

சேலத்தில் வளர்ந்த எவருக்கும் ஏற்காட்டுப் பேய்க்கதை ஒன்றாவது தெரிந்திருக்கும். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் வெள்ளைச் சேலைக்காரி கை காட்டுவாள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடும். எங்கள் பள்ளி நாட்களில், ஏற்காடு சாலையில் தனித்து நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைக்கூட இருட்டிய பிறகு ஓடித்தான் கடப்போம்.

கடந்த மார்ச் இறுதியில் என் தம்பியும் அவனுடைய நண்பர்கள் இருவரும் ஒலிப்பதிவுக் கருவியோடு மலைக்குக் கிளம்பினார்கள். பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம் ஒன்றில் இரவைக் கழிக்க வேண்டும் என்பது திட்டம். உரியவர்களிடம் கேட்காமல் போகக்கூடாது என்று நானும் சேர்ந்துகொண்டேன். அனுமதி கிடைத்தது. காவலாளிப் பெரியவர் கூடவே இருப்பார் என்பது நிபந்தனை.

பத்து மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கியது. நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று மல்லிகை வாசம் மூக்கில் ஏறியது. மல்லிகை வாசம் வந்தால் மோகினி பக்கத்தில் இருக்கிறாள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பையன்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பெரியவர் டார்ச்சை வேலிக்கு அப்பால் திருப்பினார். காப்பிச் செடிகளின் கிளை நெடுக, இலைக் காம்புகளின் இடுக்கில், கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூக்கள். "ஒன்பது பத்து நாளுக்கு முன்னால் மழை பெய்ததே சாமி, அதில் பூத்தது. ரெண்டு மூணு நாளில் உதிர்ந்துவிடும்" என்றார். கோடை மழைக்குப் பிறகு தோட்டமே ஒன்றாகப் பூக்கும் அந்தச் சில இரவுகளில் மலையில் நடந்தவர்கள்தாம் மோகினியை முதலில் கண்டவர்கள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

பின்னால் யாரோ நடக்கும் சத்தம், உயரமான சில்வர் ஓக் மரங்களிலிருந்து விழும் காய்ந்த இலை. நெஞ்சை அறுக்கும் அலறல், கூகை. இவற்றையெல்லாம் பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் உண்மையில் அஞ்சியது காட்டெருமைக்கு. புதர் அசைந்தால் எங்களைக் கையமர்த்திவிட்டு நின்று கேட்டார்.

அன்று அவர் கற்றுக்கொடுத்த ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கல்லறை எழுத்துகள் தேய்ந்து, பாசி படிந்து, பகலில் வெறும் கல்லாகத் தெரியும். "டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். கல்லோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடியுங்கள்" என்றார். பிடித்தோம். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து, பெயர் மேலெழுந்து வந்தது. தேய்ந்த கல்வெட்டைப் படிக்க இரவைப்போல நல்ல நேரம் இல்லை.

அப்படித்தான் அந்தச் சின்னக் கல்லைப் படித்தோம். பதினோரு மாதக் குழந்தை. பக்கத்திலேயே இன்னொன்று. அதே தாய் தகப்பன், அடுத்த ஆண்டு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அந்தக் காப்பியை நம்பித் தோட்டம் போட வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் அதே காய்ச்சலில்தான் போயிருப்பார்கள். அவர்களுக்குக் கல்கூட இல்லை. என் தம்பிக்கு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவன் ஒன்றும் பேசாமல் ஒலிப்பதிவுக் கருவியை அணைத்துப் பையில் போட்டுவிட்டான்.

அதன் பிறகு நடந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். மேட்டுப் பக்கம் காப்பி வரிசைகளுக்கு நடுவே ஒரு வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. மஞ்சள் வெளிச்சம், டார்ச்சு போல வெள்ளையாக இல்லை. ஒரு வரிசையில் நிற்கும், அடுத்த வரிசைக்குப் போகும். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அங்கே ஆள் குடியிருப்பு கிடையாது என்றார் பெரியவர். இலைச் சத்தத்துக்கும் கூகைக்கும் விளக்கம் சொன்னவர் இதற்குச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உற்றுப் பார்க்க வேண்டாம், அது பாட்டுக்குப் போகட்டும்" என்று கைகூப்பினார். எங்களுக்கு ஓடத் தோன்றவில்லை. நாங்களும் திரும்பிக்கொண்டோம்.

நாகலூர்க்காரன்:

அண்ணா, அந்தப் பெரியவர் செய்ததுதான் சரி. எங்கள் பக்கத்தில் இரவில் எதைப் பார்த்தாலும் பெயர் சொல்ல மாட்டார்கள், பின்தொடர மாட்டார்கள்.

வெள்ளைக்காரர் கல்லறைக்கு எவ்வளவோ முந்தைய ஈமச் சின்னங்கள் இந்த மலையில் இருக்கின்றன. நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கற்திட்டைகள். பெருங்கற்காலத்து மனிதர்கள் தங்கள் இறந்தோருக்கு எழுப்பியவை. என் பாட்டி அந்த வழியாகப் போனால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டால், "அவர்கள் வீட்டு வாசல் கண்ணு" என்பாள். அதில் பயமே இருக்காது. பெரியவர்கள் வீட்டுக்குப் போகும் மரியாதைதான் இருக்கும்.

புதிய கற்கால மனிதன் தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடரிகள் உழும்போது கிடைத்தால், அவற்றைப் பிள்ளையார் முன்னால் கொண்டுபோய் வைப்பது இங்கே பழைய வழக்கம். ராபர்ட் புரூஸ் ஃபூட் இதைப் பார்த்துக் குறித்துவைத்திருக்கிறார். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் மனிதனின் தொன்மையைக் காட்டிய அதே ஃபூட்தான். அவர் ஏற்காட்டில் வாழ்ந்தவர். அவருடைய நினைவுக் கல் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவலும் 1882இல் இந்த மலையில்தான் காலமானார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர். மலைக்கு வரும் கூட்டம் படகுத்துறையோடு திரும்பிவிடுகிறது, இவர்களைத் தேடி ஒருவர்கூட வருவதில்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம்.

அதைவிடக் கொடுமை, புதையல் இருக்கும் என்று சிலர் இரவோடு இரவாக வந்து ஒரு கற்திட்டையின் மூடுகல்லைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. காலையில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே சிதறிக் கிடந்தவை உடைந்த பானை ஓடுகள் மட்டுமே.

சங்ககிரி மகள்:

எங்கள் ஊர்ச் சங்ககிரி மலைக்கோட்டைக்கு இரவில் போக முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். போக முடிந்தாலும் நான் போக மாட்டேன். தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31 அன்று கம்பெனிக்காரர்கள் தூக்கிலிட்ட மலை அது.

என் அப்பா சிறுவனாக ஆடு மேய்த்தபோது, ஆட்டுக்குட்டி ஒன்றைத் தேடிப் போய் மதிலுக்குள் இருட்டில் மாட்டிக்கொண்டார். மேலேயிருந்து சங்கிலி இழுபடும் ஓசை, விட்டு விட்டு, வெகுநேரம் கேட்டதாம். கல்லில் முதுகை ஒட்டி உட்கார்ந்தே விடிய வைத்திருக்கிறார். குட்டியும் காலையில் தானாக வந்து சேர்ந்தது. அதைப் பேய் என்று அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. "அவர் இருக்கிறார், நமக்கு என்ன பயம்" என்பார். ஒவ்வோர் ஆடிப்பெருக்குக்கும் மலையேறிவிட்டுத்தான் வீட்டில் சாப்பிடுவார், முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும்.

அஸ்தம்பட்டி அன்பன்:

அம்மா, உங்கள் அப்பா கேட்டதை நான் முழுமையாக நம்புகிறேன். தம்பி நாகலூர், அந்தக் கற்திட்டை பற்றித் தொல்லியல் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள், கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அந்தக் கல்லறை எழுத்துகள் வேகமாக உதிர்கின்றன. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து வைக்க அனுமதி கேட்டிருக்கிறேன். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்பு தடவுவது, சுரண்டுவது இரண்டும் வேண்டவே வேண்டாம், கல் பாழாகிவிடும். சென்னை மாகாணத்துத் தேவாலய அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பாதி அழிந்த பெயர்களை அவற்றோடு ஒப்பிட்டு நிரப்பலாம். பழைய ஆங்கிலக் கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது முன்வந்தால் பேருதவியாக இருக்கும். வருபவர்கள் ஸ்வெட்டரும் நல்ல டார்ச்சும் கொண்டுவாருங்கள். காட்டெருமை நடமாட்டம் இருப்பதால் பெரியவர் சொல்லும் பாதையை விட்டு யாரும் விலகக்கூடாது.