கேரவன் படுக்கையறையில் புழுக்கம், சீக்கிரம் வழி சொல்லுங்கள்

அரியாங்குப்பம்வாசி:
வணக்கம். பழைய சுற்றுலா வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், சமையல் மேடை எல்லாம் வைத்து கேரவனாக மாற்றியிருக்கிறேன். படுக்கையறை பின்பக்கம். அதில் படுத்தால் மூச்சு முட்டுகிறது. ஃபேன் ஓடியும் பயன் இல்லை. அடுத்த வாரம் பிச்சாவரம் போகிறோம், அம்மாவும் வருகிறார். என்ன செய்யலாம்? அவசரம்.

கெடிலக்கரை:
எந்த ஃபேன்? சுவரில் மாட்டியதா, கூரையைத் துளைத்து வைத்ததா? படுக்கையறைக்கு ஜன்னல் உண்டா? பேட்டரி எவ்வளவு? வண்டியை வெயிலில் நிறுத்துகிறீர்களா, நிழலிலா? இவற்றைச் சொல்லாமல் "புழுக்கம்" என்று மட்டும் சொன்னால் நாங்களும் "ஐயோ பாவம்" என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

வெள்ளைக்கூரை:
எதையும் கேட்க வேண்டாம், கூரைதான் காரணம். கத்திரி வெயிலில் தகரக் கூரையில் கை வைத்தால் தோல் உரிந்துவிடும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயிண்ட் இரண்டு பூச்சு அடியுங்கள். உள்பக்கம் தகரத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே ஃபோம் ஷீட் கொடுங்கள். வெள்ளித்தாள் ஒட்டுவதானால் அதன் முன்னே காற்று இடைவெளி இருக்க வேண்டும். தகரத்தோடு ஒட்டிவிட்டால் அது வெறும் அலங்காரம்.

இரும்புக்குதிரை (மூத்த உறுப்பினர்):
சித்திரை பிறந்தால் இந்தக் கேள்வியும் கூடவே பிறந்துவிடுகிறது. தம்பி, இந்த மன்றத்தின் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் உண்டா? கடலோரத்தில் தூங்க வேண்டுமானால் ஏசி போட வேண்டும். பெயிண்ட், ஃபோம் என்பதெல்லாம் பொழுதுபோக்கு. ஒரு டன் ஏசி, ஒரு இன்வெர்ட்டர், கதை முடிந்தது.

வில்லியனூர்மின்பணி:
ஐயா, கதை ஒரு மணி நேரத்திலேயே முடிந்துவிடும். ஒரு டன் ஏசி ஏறக்குறைய 1,000 வாட் இழுக்கிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து 95 ஆம்பியர் வரும். 150 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 75. இவ்வளவு வேகமாக உறிஞ்சினால் அதுவும் முழுதாகக் கிடைக்காது. லித்தியம் போட்டால் கொஞ்சம் நீளும். விடியும் வரை ஓட்ட வேண்டுமானால் பேட்டரிக்கே தனி அறை வேண்டும்.

இரும்புக்குதிரை (மூத்த உறுப்பினர்):
ஜெனரேட்டர் என்ற ஒரு பொருள் இருப்பதை மின்பணியாளர் கேள்விப்பட்டதில்லை போலும்.

வில்லியனூர்மின்பணி:
கேள்விப்பட்டிருக்கிறேன். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்ததையும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததுதான் காரணம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். அரியாங்குப்பத்து நண்பரே, யார் எதைச் சொன்னாலும் ஜெனரேட்டரை ஓடவிட்டு அம்மாவை உள்ளே படுக்க வைக்காதீர்கள்.

அரியாங்குப்பம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஃபேன் கூரையில்தான் இருக்கிறது, 14 அங்குலச் சதுரம், காற்றை வெளியே தள்ளுவது. ஜன்னல் இருக்கிறது. பேட்டரி 150. ஏசி இப்போது முடியாது.

கெடிலக்கரை:
நல்லது. அந்த ஃபேன் எந்த இடத்துக் கூரையில்? ஜன்னலைத் திறந்து வைக்கிறீர்களா? எந்த நேரத்தில் புழுக்கம் அதிகம், படுத்தவுடனா, நள்ளிரவுக்கு மேலா?

நொச்சிக்காட்டான்:
கடலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வெட்டிவேர் விளைகிறது. தட்டியாகக் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளியுங்கள். செலவும் குறைவு, வாசமும் உண்டு. தாத்தா காலத்தில் ஏசியா இருந்தது?

வெள்ளைக்கூரை:
கடலூரில் ஈரத் தட்டியா? காற்றே ஈரமாக இருக்கும்போது தட்டி எதைக் குளிர்விக்கும்? ஏர் கூலருக்கும் இதே கதிதான். அடைத்த வேனில் வைத்தால் துணிமணி பூஞ்சை பிடிக்கும்.

நொச்சிக்காட்டான்:
தட்டியின் கீழே படுத்து வளர்ந்தவன் நான். பெயிண்ட் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு என்னிடம் சொல்ல வேண்டாம்.

தேவனாம்பட்டினத்தான்:
இருவரும் வெவ்வேறு காற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள். வைகாசியில் மேல்காற்று அடித்து, கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாட்களைப் பாருங்கள். வெப்பம் 39 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்றால், ஈரத் தட்டி அந்தக் காற்றை 27 டிகிரி வரைகூடக் கொண்டுவரக்கூடும். கடற்காற்று நுழைந்து 34 டிகிரி, 75 சதவீதம் என்று ஆகிவிட்டால், எவ்வளவு தெளித்தாலும் 30-க்குக் கீழே இறங்காது. கூடவே அறையில் ஈரமும் ஏறும். உங்கள் தாத்தா மதிய வெயிலில் தட்டி கட்டினார். இவர் கேட்பது இரவுத் தூக்கத்துக்கு.

நொச்சிக்காட்டான்:
அப்படியானால் பகலில் கட்டலாம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

வெள்ளைக்கூரை:
பகலில் கூரைக்கு வெள்ளை அடித்தால் தட்டியே தேவைப்படாது.

அரியாங்குப்பம்வாசி:
சமையல் மேடைக்கு மேலே இருக்கிறது ஃபேன். பக்கத்து ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். படுக்கையறை ஜன்னலைக் கொசுவுக்காக மூடிவிடுவோம். நடுவே கூரை வரைக்கும் பிளைவுட் தடுப்பும் கதவும் உண்டு. பன்னிரண்டு மணிக்கு மேல்தான் தாங்க முடியவில்லை. மெத்தையின் அடிப்பக்கம்கூட ஈரமாக இருக்கிறது.

கெடிலக்கரை:
இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்!

கூரைச் சூடு காரணமாக இருந்தால், படுத்தவுடன் கொதித்து, நேரம் போகப் போகக் குறைய வேண்டும். பொழுது சாய்ந்ததும் தகரம் வெகு வேகமாக ஆறிவிடும். உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. அடைத்த பெட்டிக்குள் இரண்டு மூன்று பேர் மூச்சும் வியர்வையும் விடுகிறீர்கள். தூங்கும் மனித உடம்பே 70, 80 வாட் சூடு தரும். அது வெளியேற வழியே இல்லை. மெத்தை ஈரத்துக்கும் அதுதான் காரணம்.

ஃபேன் பழுதாகவில்லை, நன்றாகவே இழுக்கிறது. ஆனால் பக்கத்தில் திறந்திருக்கும் சமையல் ஜன்னலிலிருந்து இழுத்து, அப்படியே கூரை வழியாகத் தள்ளிவிடுகிறது. காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் பிடிக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருப்பதே அதற்குத் தெரியாது.

இன்றிரவே சமையல் ஜன்னலை முழுக்க மூடுங்கள். படுக்கையறை ஜன்னலைத் திறந்து கொசு வலை அடியுங்கள். நடுக்கதவைத் திறந்து வையுங்கள். மறைப்பு வேண்டுமானால் கதவின் மேல்பாகத்தில் சட்டம் வைத்த திறப்பு வெட்டலாம். காற்று நுழையும் இடம் ஃபேனின் வாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 200 சதுர அங்குலம். வலை பாதையைக் கொஞ்சம் அடைக்கும் என்பதால் இன்னும் பெரிதாக இருந்தால் நல்லது. எரிவாயு அடுப்பு பற்றவைக்கும்போது மட்டும் சமையல் ஜன்னலை மறக்காமல் திறந்துவிடுங்கள். மெத்தைக்கு அடியில் பலகைக்குப் பதிலாக இடைவெளி விட்ட மரச்சட்டங்கள் போடுங்கள்.

தேவனாம்பட்டினத்தான்:
இதனோடு நிறுத்தும் திசையையும் பாருங்கள். மாலையில் இங்கே காற்று தென்கிழக்கிலிருந்து வரும். வண்டியின் பின்பக்க ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்தால் ஃபேனுக்குப் பாதி வேலை மிச்சம். பிச்சாவரத்தில் மாங்குரோவ் காட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள், கொசு வண்டியையே தூக்கிக்கொண்டு போகும்.

இரும்புக்குதிரை (மூத்த உறுப்பினர்):
காற்றோட்டம் வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நான் சொன்னது வசதியைப் பற்றி.

வில்லியனூர்மின்பணி:
இந்தக் கூரை ஃபேன் முழு வேகத்திலும் 3, 4 ஆம்பியர்தான் இழுக்கும். அவரிடம் இருக்கும் பேட்டரியிலேயே விடிய விடிய ஓடும். ஐயா சொன்ன வசதிக்கு இந்த வசதி ஒன்றும் குறைவில்லை. தலைமாட்டில் ஒரு சின்ன 12 வோல்ட் மேஜை ஃபேனும் வைத்துக்கொள்ளலாம், உடம்பில் காற்று பட்டால்தான் வியர்வை உலரும்.

வெள்ளைக்கூரை:
இருந்தாலும் பெயிண்ட் அடிப்பதில் தவறில்லை. பகலில் மெத்தையும் பிளைவுட்டும் சூட்டைக் குடித்து வைத்திருக்கும்.

கெடிலக்கரை:
தவறு என்று யார் சொன்னார்கள்? முதலில் செய்ய வேண்டியது அதுவல்ல, அவ்வளவுதான்.

அரியாங்குப்பம்வாசி:
சமையல் ஜன்னலை மூடி, பின்ஜன்னலைத் திறந்து பார்த்தோம். நன்றாக வித்தியாசம் தெரிகிறது. போர்வை தேடினோம். வலை மட்டும் இன்னும் சரியாக ஒட்டவில்லை. ஊருக்குக் கிளம்புகிறோம், வந்து எழுதுகிறேன்.

நொச்சிக்காட்டான்:
பிச்சாவரம் போகும் வழியில்தான் எங்கள் பக்கம். தட்டி வேண்டுமானால் சொல்லுங்கள், பகல் நேரத்துக்கு.

கெடிலக்கரை:
நண்பரே, வலையை எதை வைத்து ஒட்டினீர்கள்? வெல்க்ரோ பசை இந்த வெயிலில் நிற்காது, ஓரம் முழுக்கக் காந்தப் பட்டை வையுங்கள். இதைப் பார்த்தீர்களா?

வெள்ளைக்கூரை:
வேனின் கூரை இப்போது என்ன நிறம் என்று இன்னும் சொல்லவே இல்லையே?