கிணற்று ஏணி: புதுப்பிப்பு

எழுபதைக் கடந்த அப்பா தோட்டத்துக் கிணற்றில் நீந்திவிட்டுச் சிரமமின்றிக் கரையேற எத்தகைய ஏணி ஏற்றது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இப்போது அதைப் பொருத்திவிட்டோம். மிதக்கும்வரை உடலின் எடையைத் தண்ணீரே தாங்குவதால், அந்த எடை கைகால்களுக்கு மாறும் முதல் படிதான் கடினம் என்று நண்பர்கள் விளக்கியதை ஏற்று, கோடையில் நீர் இறங்கும் மட்டத்துக்கும் 3 அடி கீழே வரை படிகளை அமைத்தோம். உருண்டைக் குழாய் வெறுங்காலின் உள்ளங்காலை அழுத்தி வலிக்கச் செய்யும் என்பதால், 4 அங்குல அகலத்தில் சொரசொரப்பான தட்டைப் படிகளை வைத்து, விரல்கள் சுவரில் இடிக்காதபடி 7 அங்குலம் தள்ளிப் பொருத்தினோம். எனக்கு மிகவும் நிறைவளிப்பது, விளிம்புக்கு மேல் 3 அடி உயர்ந்து நிற்கும் கைப்பிடிதான். அதைப் பற்றியபடியே அப்பா நிமிர்ந்து வெளியேறுகிறார். நீருக்குள் இருக்கும் படிகளில் பாசி படிவதால், வாரந்தோறும் தேய்த்துக் கழுவுவது அவசியம்.