ஜன்னல் எத்தனை கதவு?

குழு: பாலக்கோடு வீட்டு வேலை

நான்: ஆசாரி கொடுத்த கணக்குச் சீட்டைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். முன் ரூம் ஜன்னல் ஐந்துக்கு நாலு, வேப்பமரம். இரண்டு கதவா மூன்று கதவா என்று கேட்கிறார். சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: அதென்ன, ஒரு வரியில் ஜன்னல், அடுத்த வரியில் சன்னல்?

ஓசூர் அத்தை: எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது கிட்டிகி அண்ணா. தெலுங்கு வீடுகள்.

பெரியப்பா: அது இந்தி கிட்கிக்குச் சொந்தம். நம் ஜன்னல் போர்த்துக்கீசியச் சரக்கு, ஜனெலா. சாவி, மேஜை, அலமாரி எல்லாம் அதே கப்பலில் வந்து இறங்கியவை.

அக்கா: அப்போ 1498-இல் அந்தக் கப்பல் வருவதற்கு முன்னால் நமக்கு ஜன்னலே கிடையாதா பெரியப்பா? 😄

பெரியப்பா: இல்லாமலா! புகார் நகரத்து வீடுகளைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் ‘மான்கண் காலதர்’ என்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண் போலத் துளை விட்ட ஜன்னல். பலகணி என்றாலும் பல கண்தான். நம் பழைய வீட்டுச் சமையல்கட்டில் புகை போக ஒன்று விட்டு ஒன்று செங்கல் வைத்திருப்பார்களே, சாயங்கால வெயிலில் அம்மியின் மேல் கட்டம் கட்டமாக வெளிச்சம் விழும். அந்த மாதிரிதான்.

அக்கா: இங்கிலீஷ் விண்டோவும் அப்படித்தான். பழைய நார்ஸ் மொழியில் ‘காற்றுக் கண்’ என்று பொருள். பனி நாட்டுக்காரனுக்கும் அதே கண்தான் தோன்றியிருக்கிறது, பாருங்கள்.

பெரியப்பா: போர்த்துக்கீசியனுக்கு மட்டும் கண் இல்லை, கதவு. லத்தீனில் யானுவா என்றால் கதவு. அதன் குட்டிதான் ஜனெலா. வாசலுக்கு உரிய ரோமானியச் சாமி யானுஸ், முன்னும் பின்னுமாக இரண்டு முகம். ஜனவரி அவர் பெயரில் வந்த மாதம்.

நான்: ஜன்னலும் ஜனவரியும் பங்காளிகளா!

ஓசூர் அத்தை: பங்காளிக்குச் சீர் கிடையாது. எனக்கு உண்டு. ஜனவரியில் பொங்கல் வருகிறது அண்ணா, ஞாபகம் இருக்கட்டும்.

பெரியம்மா: கொசுவலை அடித்துத் தருவாரா?

நான்: அது தனிக் கணக்கு பெரியம்மா. முதலில் கதவைச் சொல்லுங்கள்.

அக்கா: ஆசாரி இன்னமும் ஜன்னலைக் கதவாகத்தான் எண்ணுகிறார், கவனித்தீர்களா?

பெரியப்பா: மூன்று போடச் சொல். நடுக்கதவை எப்படியும் திறக்க மாட்டோம், டிவி மேல் வெயில் அடிக்கும்.