இணைய விளம்பரம் கற்றுக்கொண்ட அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

சென்னிமலையில் என் மாமா போர்வையும் படுக்கை விரிப்பும் விற்கிறார். அவருக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்ததும் விளம்பரம் போடும் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது. விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் எடுத்து வைப்பதற்கு முன்னால், தளத்துக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று சொன்னேன். புதிதாகத் தொடங்குகிற எல்லோருக்கும் அதையேதான் சொல்வேன்.

தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸை நிறுவுவது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சின்ன நிரல்துண்டு இருந்தால் போதும். அது வருபவரின் பிரவுசரில் குக்கி என்ற சின்னக் குறிப்பை வைத்து, அடுத்த முறை அடையாளம் கண்டுகொள்கிறது. அடையாளம் காண்பது பிரவுசரைத்தான், ஆளை அல்ல. ஒரே ஆள் போனிலும் லேப்டாப்பிலும் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு பேர் என்றே கணக்கு வரும்.

முதலில் குழப்பியது ‘டைரக்ட்’ என்ற வரிசை, அதாவது எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்களின் கணக்கு. வந்தவர்களில் பெரும்பகுதி அதில்தான் இருந்தார்கள். மாமா தளத்தின் இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருந்தார். செயலியிலிருந்து தட்டி வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் பல நேரம் கூடவே வருவதில்லை. அதனால் ஒவ்வொரு குழுவுக்கும் யுடிஎம் குறிகள் (எங்கிருந்து வந்தார் என்று காட்ட இணைப்பின் வாலில் ஒட்டும் சொற்கள்) சேர்த்துத் தனித்தனி இணைப்பு செய்து கொடுத்தேன். கூகுள் 2005-இல் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கித்தான் அனலிட்டிக்ஸைக் கொண்டுவந்தது, இந்தக் குறிகள் அந்தக் காலத்து மிச்சம். இணைப்பை மாற்றிய பிறகு கணக்கு தெளிந்தது. சொந்தக்காரர் குழுவிலிருந்து நிறையப் பேர் வந்து பார்த்தார்கள், கோவை அபார்ட்மெண்ட் குழுவிலிருந்து கொஞ்சம் பேர் வந்து விலை கேட்டார்கள்.

அப்புறம்தான் தேடல் விளம்பரம், அதாவது கூகுளில் தேடும்போது முடிவுகளோடு வரும் விளம்பரம். ஒவ்வொரு தேடலின்போதும் விளம்பரதாரர்களுக்குள் ஒரு ஏலம் நடக்கிறது. அதிகத் தொகை சொன்னவருக்கே முதலிடம் என்று இல்லை. விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா, போய்ச் சேரும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்பதும் கணக்கில் சேரும். நான் தினமும் பார்ப்பது மக்கள் உண்மையில் தட்டச்சு செய்த சொற்களின் பட்டியலை. மின்சாரப் போர்வை தேடியவர், கைத்தறி வேலைவாய்ப்பு தேடியவர் எல்லாம் அதில் இருந்தார்கள். அந்தச் சொற்களை நெகட்டிவ் கீவேர்டாக (விளம்பரம் வரக் கூடாத தேடல் சொல்லாக) சேர்த்ததும் வீண் செலவு குறைந்தது. விளம்பரம் எந்த ஊருக்கு என்று தேர்வு செய்யும் அமைப்பையும் திறந்து பாருங்கள்: கோவை என்று தேர்ந்தால், கோவையில் இருப்பவர்களோடு கோவை மீது ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்வதுதான் அதன் இயல்பான அமைப்பு.

தளத்தில் உள்ள வாட்ஸ்அப் பொத்தானைத் தட்டுவதை அனலிட்டிக்ஸில் தனி நிகழ்வாகப் பதிய வைத்து, வாரக் கடைசியில் மாமாவின் ஆர்டர் நோட்டோடு ஒப்பிடுகிறோம். இந்த ஒப்பீடு இல்லாமல் கிளிக் எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் பொருளே இல்லை.

*

நான் மறுபக்கத்தில் இருப்பவள், சமையல் வலைப்பதிவு எழுதுகிறேன். 2018 பிப்ரவரியில் ஆட்சென்ஸ் (நம் தளத்தில் விளம்பரம் காட்டி, அதற்குப் பணம் தரும் கூகுள் சேவை) தமிழை ஏற்றுக்கொண்டபோது தமிழில் எழுதுபவர்களுக்குப் பெரிய கதவு திறந்தது. என் வருமானத்தில் நான் கவனித்தது இது: தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களே அதிகம், ஆனால் சிங்கப்பூர், கனடா வாசகர்களால் கிடைக்கும் தொகை ஆளுக்கு ஆள் கூடுதல். அங்குள்ள விளம்பரதாரர்கள் ஏலத்தில் அதிகம் தருகிறார்கள். பொத்தானுக்குப் பக்கத்தில் விளம்பரத்தை வைத்துக் கைதவறி விழும் கிளிக்கை வாங்கப் பார்க்காதீர்கள், செல்லாத கிளிக் என்று பிறகு கழித்துவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்களிடம் “கிளிக் பண்ணுங்க” என்று சொல்வதும் விதிமீறல்தான்.

*

ஒரு டியூஷன் சென்டருக்கு டிஸ்பிளே விளம்பரம், அதாவது மற்ற தளங்களிலும் செயலிகளிலும் படமாக வரும் விளம்பரம், பார்த்துக் கொடுத்தேன் அண்ணா. ராத்திரியெல்லாம் கிளிக் குவிந்தது. தளத்தில் நின்ற நேரமோ ஓரிரு நொடி. விளம்பரம் எங்கே தெரிந்தது என்ற அறிக்கையைத் திறந்தால் முழுக்கக் குழந்தைகள் ஆடும் கேம் செயலிகள்! செயலிகளை விலக்கியதும் கிளிக் பாதிக்கும் கீழே போனது, போன் அழைப்புகள் அப்படியே இருந்தன.

*

எண்கள் முழுமையானவை என்று யாரும் நம்ப வேண்டாம். குக்கி 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கியது. ஒரு தளம் தன்னிடம் வந்தவரை நினைவில் வைத்துக்கொள்வதற்காக வந்த ஏற்பாடு. பிறகு விளம்பர நிறுவனங்கள் தளம் தளமாக ஆளைப் பின்தொடர அதைப் பயன்படுத்தின. ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கிகளை (நாம் பார்க்கும் தளம் அல்லாமல் வேறொருவர் வைப்பவற்றை) முழுதாகத் தடுக்கிறது. ஐபோன் செயலிகள் 2021 ஏப்ரலிலிருந்து பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டும். குரோம் மட்டும், அந்தக் குக்கிகளை நிறுத்துவதாகச் சொன்ன திட்டத்தை 2024 ஜூலையில் கைவிட்டது.

தோல் மருத்துவமனை ஒன்று, குறிப்பிட்ட ஒரு நோயைப் பற்றிய பக்கத்தைப் படித்தவர்களுக்கு மட்டும் மீண்டும் மீண்டும் விளம்பரம் காட்டச் சொல்லி என்னிடம் கேட்டது. மறுத்துவிட்டேன். நோயை வைத்து ஆளைக் குறிவைப்பதைக் கூகுளின் விதிகளே அனுமதிப்பதில்லை. விதி இல்லாவிட்டாலும் செய்திருக்க மாட்டேன். தனக்கு என்னவோ என்று பயந்து இரவில் தேடிப் படிக்கும் ஒருவரை ஊரெல்லாம் அந்த நோயின் படம் துரத்தக் கூடாது. நம் நாட்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. என்ன சேகரிக்கிறீர்கள் என்பதை உங்கள் தளத்தில் தமிழிலேயே எழுதி வையுங்கள்.

*

மேலே சொன்னதைப் படித்துவிட்டு மாமாவின் தளத்தில் அந்த அறிவிப்பை இன்றே சேர்த்துவிட்டேன், நன்றி. இன்னொரு விஷயம்: அனலிட்டிக்ஸின் விரிவான ஆய்வுப் பகுதியில் தரவு 2 மாதம் மட்டுமே தங்கும்படிதான் தொடக்கத்தில் இருக்கும். அமைப்பில் போய் 14 மாதம் ஆக்கிவிடுங்கள். இந்தத் தீபாவளி விற்பனையைப் போன தீபாவளியோடு ஒப்பிட அது வேண்டும், மாற்றிய நாளுக்கு முன்பே அழிந்தது திரும்ப வராது.