எத்தனையாவது அதிகாரம்?

மொழிபெயர்ப்பாளன்:
அன்புடையீர், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வேதபாடப் பயிற்சி நூலை முடித்துக் கொடுக்க வேண்டும். 12 பாடங்களில் 11 முடிந்துவிட்டன. முதல் பாடம்தான் நகர மறுக்கிறது. தலைப்பு 'விசுவாசியின் அன்றாட வாழ்வில் வேதத்தின் அதிகாரம்'. வரைவைப் படித்த ஒருவர், "எந்தப் புத்தகத்தில், எத்தனையாவது அதிகாரம்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. நான் எழுதியது ஆளும் உரிமை என்ற பொருளில், அவர் படித்தது நூலின் உட்பிரிவு என்ற பொருளில். மத்தேயு 5ஆம் அதிகாரம் என்று கேட்டே பழகிய காது. சரி, 'அதிகாரம் செலுத்துகிறது' என்று வினையைச் சேர்த்தால், வேதம் ஒரு கண்டிப்பான மேலதிகாரி ஆகிவிடுகிறது. 'அதிகாரம்' என்பதற்கு வேறு சொல் தாருங்கள்: புதுச்சொல் ஆக்கினாலும் சரி, பழைய சொல்லைத் தூசு தட்டிக் கொடுத்தாலும் சரி.

புலவர் ஐயா:
தம்பி, 'அதிகாரம்' வடசொல். 'அதி' என்பதும் 'கார' என்பதும் நமக்கு எதற்கு? தமிழில் 'ஆணை' இருக்கிறது. ஆள் என்னும் வேரை நினையுங்கள்: ஆள்தல், ஆட்சி, ஆளுமை. ஆணையையும் அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பவன் நான். 'உன்மேல் ஆணை' என்னும்போது அது சூளுரையும் ஆகிறது. கட்டளை, வாக்குறுதி இரண்டும் ஒரே சொல்லுக்குள்! பழைய உடன்படிக்கை முழுவதும் இந்த இரண்டும்தானே? ஆகவே 'மறையாணை' என்று வையுங்கள். மறை என்றால் வேதம்தான். வேதாகமம் என்பதில் வேதமும் கடன், ஆகமமும் கடன்.

வகுப்பு ஆசிரியை:
ஐயா, வணக்கம். 'மறையாணை' என்று பலகையில் எழுதினால் பின்வரிசையில் ஒருவர் 'மறை யானை' என்று படிப்பார். மறைந்திருக்கும் யானை எது என்று அடுத்த அரைமணி நேரம் போய்விடும். நான் பாடம் நடத்துவது பெரியவர்களுக்குத்தான், ஆனாலும் சொல்கிறேன்.

மறைக்கல்வி ஆசிரியர்:
'மறை' எங்கள் கத்தோலிக்கப் பக்கம் நன்றாகப் புழங்கும் சொல், அதனால் யானை பயம் எனக்கு இல்லை. என் கவலை வேறு. சொல்லைத் தேடும் சாக்கில் 'வேதம் மட்டுமே' என்பதை உள்ளே கடத்திவிடாதீர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இறைவெளிப்பாடு' ஏட்டில் திருநூல், திருமரபு, திருச்சபையின் ஆசிரியம் (போதிக்கும் பொறுப்பு) மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. அந்த ஆசிரியமும் இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்குப் பணி செய்வது என்று அதே ஏடு சொல்கிறது. 'அதிகாரம்' என்றதும் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வராத சொல் கிடைத்தால் நல்லது.

போதகர்:
ஐயாவுக்கு வணக்கம். 'வேதம் மட்டுமே' என்ற எங்கள் சீர்திருத்தச் சபைகளின் முழக்கத்துக்கும் 'வேறெதையும் படிக்காதே' என்று பொருள் இல்லை. 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசரின் மன்றத்தின் முன் நின்ற சீர்திருத்தவாதி லூத்தர் வேதவசனத்தோடு தெளிவான நியாயத்தையும் சேர்த்தே கேட்டார். பழைய இறையியலார் இலத்தீனில் 'நார்மா நார்மன்ஸ்', 'நார்மா நார்மாட்டா' என்று பிரிப்பார்கள். முன்னது அளக்கும் கோல், அது வேதம். பின்னது அந்தக் கோலால் அளந்து வைத்த கோல், அது விசுவாசப் பிரமாணம் போன்றவை. ஆகவே என் சொல் 'அளவை'. கிரேக்கத்தில் 'கானோன்' என்றாலே நேராக இருக்கிறதா என்று பார்க்கும் கோல்தான். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி அடுக்கும் அளவைகளில், அதாவது உண்மையை அறியும் வழிகளில், ஆகமமும் ஒன்று. சொல்லும் தமிழ், பொருளும் பொருந்துகிறது.

இன்னொரு நண்பர்:
'மேற்கோள்' ஆகாதா? 'மேலான கோள்' என்று கொள்ளலாமே.

வகுப்பு ஆசிரியை:
ஆகாது. இயேசுவைச் சோதித்தபோது சாத்தானும் 91ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டினான். 'எழுதியிருக்கிறது' என்று அவனும் சொன்னான், இயேசுவும் சொன்னார். எழுதியிருப்பதை எடுத்துக் காட்டுவது எல்லோராலும் முடியும். அதன்கீழ் நிற்பதுதானே பாடம்?

புலவர் ஐயா:
அளவை என்பது முகத்தல், நிறுத்தல், நீட்டல், எண்ணல் என நான்கு... அதை அப்புறம் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பாளன்:
ஐயா, வியாழன் வந்துவிட்டது.

வகுப்பு ஆசிரியை:
நேற்று வகுப்பில் 'வேதம் நம் அளவுகோல்' என்று சொல்லிப் பார்த்தேன். எல்லோருக்கும் உடனே புரிந்தது. அதுதான் சிக்கல். பத்து நிமிடத்தில் உறவினர், அண்டைவீட்டார், பாடகர் குழு என்று எல்லோரையும் அளந்து முடித்துவிட்டார்கள். தன்னை அளந்தவர் ஒருவர்தான்: கோபத்தில் அனுப்பிய ஒரு மடலுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று கேட்டார். அவருக்குக் கோல் போதவில்லை. கோல் 'வளைந்திருக்கிறது' என்று காட்டும். 'எழுந்து போ, சமாதானம் செய்' என்று சொல்லாது. மத்தேயு 5இல் காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று இருப்பது அளவை இல்லை, ஏவல்.

புலவர் ஐயா:
அம்மா சொன்னதும் என் வாதத்தையே நான் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கிறது. பழைய இலக்கண உரைகாரர்கள் 'அதிகாரம்' என்ற சொல்லுக்கே இருவகை சொல்வார்கள். ஒன்று, வேந்தன் இருந்த இடத்தில் இருந்தபடியே தன் நாடு முழுவதும் தன் ஆணை நடக்கச் செய்வது போன்றது: ஓரிடத்தில் நின்ற சொல், பின்வரும் நூற்பாக்கள் எல்லாவற்றையும் தன் பொருள்மேல் நிற்க வைக்கும். மற்றொன்று, படைத்தலைவன் நேரில் சென்று நடத்துவது போன்றது: அந்தச் சொல்லே ஒவ்வொரு நூற்பாவோடும் போய்ப் பொருந்தும். உங்கள் பாடத்துக்கு இது அப்படியே பொருந்துகிறதே! எந்த வேலையில் சேர்வது, யாரோடு கூட்டு வைப்பது என்பதற்கெல்லாம் நேர்வசனம் தேடிப் புத்தகத்தைக் கண்மூடித் திறந்து விரல் வைப்பவர், வேந்தனைத் தெருத்தெருவாக நடக்க வைக்கிறார். 'பிறனை உன்னைப்போல நேசி' ஓரிடத்தில் இருந்தே எல்லாத் தெருவையும் ஆளும். பொய் சொல்லாதே என்பதோ நேரே உங்கள் கணக்குப் புத்தகத்துக்கு வந்து நிற்கும். வடசொல்தான், என்ன செய்ய?

போதகர்:
பழைய திருச்சபைத் தந்தை அகுஸ்தீனும் 'எடுத்துப் படி' என்ற குரல் கேட்டு ரோமர் நிருபத்தில் கண்ணில் பட்ட இடத்தைத்தானே படித்தார், ஐயா?

புலவர் ஐயா:
படித்தார். அதில் கண்டது குடிவெறியை விடு என்பது, எந்த வீட்டை வாங்கு என்பதல்ல.

மறைக்கல்வி ஆசிரியர்:
சொல்தூய்மை பற்றி ஒரு வார்த்தை. வேதத்தைத் தமிழாக்கிய பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார், 1871இன் பெயர்ப்பு 'தேவன்' என்றது, 1995இன் பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கிறது. ஆண்டவரையே மூன்று சொல்லால் அழைத்துவிட்டு 'அதிகாரம்' ஒன்றுக்கு இத்தனை மடலா? இயேசு அதிகாரத்தோடு போதித்தார் என்று மத்தேயு 7இல் பின்சொன்ன இரு பெயர்ப்பிலும் இதே சொல்தான். வாசகர் அங்கே 'எத்தனையாவது' என்று கேட்பதில்லையே.

மொழிபெயர்ப்பாளன்:
இதுவரை வந்த மடல்களை எண்ணினேன். அதிகாரம் 6, அளவை 3, மறையாணை 1. அந்த ஒன்றைப் போட்டவரே மனம் மாறிவிட்டார் போலிருக்கிறது. 'அதிகாரம்' என்றே அனுப்புகிறேன். ஆனால் தலைப்பை 'வேதம் நம் நாளை ஆளும்போது' என்று மாற்றிவிட்டேன், சொல் பாடத்துக்குள் மட்டும் வரும். இருவகை அதிகாரத்தை ஆசிரியர் குறிப்பில் சேர்க்கிறேன்.

போதகர்:
பெரும்பான்மைக்குக் கீழ்ப்படிகிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. ஏவல் எங்கிருந்து வந்தது என்று சோதிக்கவும் ஒரு கோல் வேண்டும். பெரோயா பட்டணத்தார் பவுலின் பேச்சையே வேதத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், நினைவிருக்கட்டும். அடுத்த நூலில் மறுபடியும் கேட்பேன்.

புலவர் ஐயா:
தம்பி, நூலின் உட்பிரிவுகளுக்குப் 'பாடம்' என்றே போட்டிருக்கிறீர்கள் அல்லவா? தப்பித்தவறி 'முதல் அதிகாரம்: வேதத்தின் அதிகாரம்' என்று அச்சாகிவிடப் போகிறது. அந்த நாலுவகை அளவை பற்றி நாளை தனியாக எழுதுகிறேன்.