இத்தாலிய ஏவல் வினை: ‘பார்லி’யா, ‘பார்லா’வா?

வணக்கம் நண்பர்களே. குடியுரிமைக்குக் கேட்கும் பி1 (இடைநிலை) மொழித் தேர்வுக்காகச் சிசிலித் தீவின் பலெர்மோவில் இத்தாலியம் படிக்கிறேன். இங்கே தேர்வெழுதியவர்கள் யாராவது உதவுங்கள்.

பேசுவதைக் குறிக்கும் ‘பார்லாரே’ ஒழுங்கான வினைதான். நிகழ்காலம் மனப்பாடம்: பார்லோ, பார்லி, பார்லா, பார்லியாமோ, பார்லாத்தே, பார்லனோ. எதிர்காலத்தில் ‘பார்லெரோ’ என்று நடுவில் ‘லா’ போய் ‘லெ’ வருவதையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டேன்.

ஏவலில்தான் தலை சுற்றுகிறது. ‘நீ பேசுகிறாய்’ என்றால் ‘பார்லி’, ‘அவர் பேசுகிறார்’ என்றால் ‘பார்லா’. ஆனால் நண்பனிடம் ‘பேசு’ என்று சொல்ல ‘பார்லா’, பெரியவரிடம் ‘பேசுங்கள்’ என்று சொல்ல ‘பார்லி’. அப்படியே தலைகீழ்! ஐயத்தையும் விருப்பத்தையும் சொல்லும் ‘கொஞ்ஜுந்தீவோ’விலோ நான், நீ, அவர் மூவருக்கும் அதே ‘பார்லி’. மரியாதை ஏவல் அங்கிருந்து கடன் வாங்கியது என்று இலக்கணம் விளக்குகிறது. விளக்கம் புரிகிறது, அலுவலக ஜன்னல் முன்னால் நின்றால் நாக்கு புரளவில்லை.

இன்னொன்று: தூங்குவதைக் குறிக்கும் ‘தோர்மிரே’ ‘நான்’ என்பதோடு ‘தோர்மோ’ ஆகிறது, புரிந்துகொள்வதைக் குறிக்கும் ‘கபிரே’ மட்டும் ஏன் ‘கபிஸ்கோ’? அகராதியைப் புரட்டாமல் இந்த இரு வகையையும் பிரித்தறிய வழி உண்டா?

‘நான் பேசினேன்’ என்பதற்குச் சிசிலிக்காரர்கள், சற்றுமுன் நடந்ததானாலும், ‘பார்லாய்’ என்கிறார்கள். பாடநூல் ‘ஓ பார்லாத்தோ’ என்கிறது. வாய்மொழித் தேர்வில் எதைச் சொன்னீர்கள்?

அட்டவணைப் படங்கள் வேண்டாம், அவை கைபேசி நிறைய இருக்கின்றன. பேச்சில் தானாக வர நீங்கள் செய்த பயிற்சியைச் சொல்லுங்கள்.